எரிமலை ஏறணுமா? முதல்ல கொல்லிமலை ஏறிட்டு வாங்க



"மாமா, எழுபதாயிரம் இருந்தா போதும், எரிமலை ஏறிட்டு வந்துடலாம்!"

போன மாசம் என் அக்கா பையன் போன்ல இப்படித்தான் ஆரம்பிச்சான். சேந்தமங்கலத்துல பிறந்து வளர்ந்தவன், இப்ப கோயம்புத்தூர்ல ஐ.டி. வேலை, கையில வர்றது மாசம் 32,000. இந்தோனேசியாவுல இஜென்னு ஒரு எரிமலை. ராத்திரியில நீல நெருப்பு எரியுமாம், உள்ளே பச்சை நிறத்துல ஏரி இருக்குமாம். பிளான் எல்லாம் ரெடி, காசு மட்டும் ரெடி இல்லை. "12 மாச இ.எம்.ஐ. போட்டுக்கலாம் மாமா, ஆப்ல அப்ரூவ் ஆயிடுச்சு"ன்னான்.

போகாதடான்னு நான் சொல்லலை. நானே அங்க போயிட்டு வந்தவன்தான். "வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்கு வா மாப்ள, கொல்லிமலை போயிட்டு வருவோம். அங்க பேசிக்கலாம்"னு மட்டும் சொன்னேன்.

நீங்களும் இந்த வருஷம் முதுகுல பையை மாட்டிக்கிட்டு பாலி, ஜாவான்னு கிளம்புற ஐடியாவுல இருந்தா, அன்னைக்கு அவன்கிட்ட பேசினதை உங்ககிட்டயும் சொல்லிடறேன்.

கொல்லிமலையில என்ன வேலை?

முதல்ல ஒண்ணு. கொல்லிமலை எரிமலை கிடையாது, எப்பவும் இருந்ததும் கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு பகுதி, சார்னோகைட்ங்கிற மிகப் பழைய பாறை. மேலே சமவெளி மாதிரி விரிஞ்சு கிடக்கும், மிளகு, காபி, பலா, அன்னாசி விளையும். இந்தியாவுல உயிரோட இருக்கிற எரிமலைன்னா அந்தமான் பக்கம் பேரன் தீவு ஒண்ணுதான். 2025 செப்டம்பர்லகூட அது பொங்குச்சு. சுற்றுலாப் பயணிகளை அங்கே இறங்க விடறதில்லை, கப்பல்லயோ படகுலயோ தள்ளி நின்னு பாக்கறதோட சரி. அதனால எரிமலை ஏற ஆசைப்படற நம்ம ஊரு பசங்களுக்கு இந்தோனேசியாதான் பக்கம். அங்க மட்டும் 120-க்கு மேல உயிருள்ள எரிமலைகள்.

அப்புறம் எதுக்கு கொல்லிமலை? ஒத்திகைக்கு.

காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல போனா பாதிப் பேருக்கு அதுலயே வயித்தைப் புரட்டிடும். மேலே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இந்தப் படியோட வில்லத்தனமே, முதல்ல இறக்கம், அப்புறம்தான் ஏத்தம். இறங்கும்போது எல்லாரும் ஹீரோ. அருவியில நனைஞ்சு, கால் ஈரமா, வயிறு பசியோட திரும்பி ஏறும்போதுதான் உங்க உடம்பு உண்மையைப் பேசும்.

இஜென்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். பால்டுடிங்ங்கிற இடத்துல இருந்து ராத்திரி ரெண்டு மணி வாக்குல கிளம்பி, ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஏத்தம். உச்சி விளிம்புக்குப் போன பிறகு, நீல நெருப்பைப் பக்கத்துல பாக்கணும்னா எரிமலை வாய்க்குள்ள செங்குத்தா இறங்கணும். திரும்ப அதே வழியில மேலே வரணும். இதுல ரெண்டு வித்தியாசம். ஒண்ணு, இருட்டு. இன்னொண்ணு, கந்தகப் புகை. நீல நெருப்புன்னு சொல்றது எரிமலைக் குழம்பு இல்லை, வெளியே வர்ற கந்தக வாயு பத்திக்கிட்டு எரியறது. உள்ளே இருக்கற ஏரி முழுக்கக் கடும் அமிலம். அந்தப் புகைக்குள்ள 70, 80 கிலோ கந்தகக் கட்டியைத் தோள்ல சுமந்துக்கிட்டு தொழிலாளிங்க மேலே ஏறி வருவாங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி வழிவிட்டு நில்லுங்க, அது அவங்க பொழப்பு.

மாப்ள படி இறங்கும்போது செல்ஃபி எடுத்துக்கிட்டே வந்தான். ஏறும்போது நாலு இடத்துல உக்காந்தான். அந்த நாலு இடத்துலயும் நான் ஒவ்வொரு விஷயமா எடுத்துவிட்டேன்.

எழுபதாயிரம் உண்மையில எவ்வளவு?

அவன் போட்ட கணக்கு தப்பில்லை. முன்கூட்டியே புக் பண்ணா கோலாலம்பூர் வழியா போக வர ஃபிளைட் 30,000 ரூபாய் சுத்துவட்டத்துல முடியும். போய் இறங்கினதும் வாங்கற விசாவுக்கு 5 லட்சம் ருபியா. லட்சம்னதும் பதறாதீங்க, நம்ம காசுக்கு சுமார் 2,700 ரூபாய்தான். பாலிக்குள்ள போனா தனியா 1,50,000 ருபியா சுற்றுலா வரி, அது ஒரு 800 ரூபாய். ஹாஸ்டல், ரயில், சாப்பாடு, இஜெனுக்கு ஜீப்போட சேர்ந்த டூர் எல்லாம் கூட்டினா ஒன்பது நாளுக்கு எழுபதாயிரம் நியாயமான தொகைதான்.

அவன் விட்டது மூணு இடம்.

முதலாவது அந்த இ.எம்.ஐ. 70,000 ரூபாயை 18 சதவீத வட்டியில 12 மாசத்துக்கு எடுத்தா, மாசம் சுமார் 6,420 ரூபாய். வட்டி மட்டும் 7,000. ப்ராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதுக்கு ஜி.எஸ்.டி.ன்னு இன்னொரு 1,650. ஆக 8,600 ரூபாய்க்கு மேல சும்மா போகுது. அதே பையன், "டிராவல் இன்ஷூரன்ஸ் 700 ரூபாய் எதுக்கு மாமா, வேஸ்ட்டு"ன்னு சொன்னான். எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. மாசம் 7,000 வீதம் பத்து மாசம் ஆர்.டி. போட்டா அதே எழுபதாயிரம் கடனே இல்லாம கையில இருக்கும். எரிமலை பல ஆயிரம் வருஷமா அங்கதான் இருக்கு, பத்து மாசத்துல எங்கயும் ஓடிடாது.

ரெண்டாவது, கார்டு. சாதாரண கிரெடிட் கார்டை வெளிநாட்டுல தேய்ச்சா நிறைய வங்கிங்க 3.5 சதவீதம் வரைக்கும் பிடிக்கும், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. கூட்டினா 4.13 சதவீதம். 30,000 ரூபாய் செலவு பண்ணா 1,239 ரூபாய் காணாம போயிடும். இந்தக் கட்டணம் இல்லாத ஃபாரெக்ஸ் கார்டோ டெபிட் கார்டோ இப்ப நிறைய கிடைக்குது, ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. அங்க மெஷின்ல "இந்திய ரூபாயில கட்டறீங்களா, ருபியாவுல கட்டறீங்களா"ன்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு ருபியாவை அமுக்குங்க. ரூபாயை அமுக்கினா ரேட்டை அவங்க இஷ்டத்துக்குப் போட்டுடுவாங்க. (பேக்கேஜா வாங்கினா டி.சி.எஸ். பிடிப்பாங்க. அது செலவு இல்லை, வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கணக்குல வந்துடும். ரிட்டர்ன் போடாதவங்களுக்குத்தான் நஷ்டம்.)

மூணாவதுதான் பெரிசு. அதை என் கதையில இருந்து சொல்றேன்.

நாங்க மாட்டின கதை

சில வருஷங்களுக்கு முன்னாடி நானும் காலேஜ் நண்பன் ஒருத்தனும் இஜென் போனோம். ரெண்டு பேரும் டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தோம். ஏர்போர்ட்டுக்குப் போற வழியில, கேப்ல உக்காந்துக்கிட்டு, போன்ல அஞ்சு நிமிஷத்துல. "ஏற்கனவே ஏதாவது நோய் உண்டா?"ன்னு கேட்ட கேள்விக்கு அவன் "இல்லை"ன்னு அமுக்கிட்டான். சின்ன வயசுல இருந்து வீசிங் உள்ளவன், பையில இன்ஹேலர் இருக்கு. "அது ஒரு நோயாடா?"ன்னு சிரிச்சான். நானும் கூடச் சிரிச்சேன், அதை மறைக்க விரும்பலை.

எரிமலை வாய்க்குள்ள இறங்கின கால் மணி நேரத்துல காத்து திசை மாறிடுச்சு. புகை நேரா எங்க மேல. மாஸ்க் போட்டிருந்தும் அவனுக்கு மூச்சு அடைச்சிடுச்சு. இன்ஹேலரை அடிச்சும் கேக்கலை. அங்க மனுஷங்களை வெச்சுத் தள்ளற ஒரு வண்டி உண்டு, விளிம்புக்கு எப்படியோ கொண்டுவந்து அதுல ஏத்தி, கீழே இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க. ஆள் பொழைச்சான், இப்ப நல்லா இருக்கான்.

ஆஸ்பத்திரிக்கு 68,000. ஃபிளைட் தேதி மாத்தினது ரெண்டு பேருக்கும் சேர்த்து 21,000. ரூம், வண்டி, மருந்துன்னு இன்னொரு 14,000. மொத்தம் ஒரு லட்சத்து மூவாயிரம். ஊருக்கு வந்து கிளைம் போட்டோம். ஆஸ்பத்திரி பேப்பர்ல டாக்டர் தெளிவா "ஆஸ்துமா, சிறு வயதிலிருந்து" அப்படின்னு எழுதியிருந்தார். அங்க கேட்டதுக்கு உண்மையைச் சொன்னது இவனேதான். நோயை மறைச்சதா சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு ரூபாய்கூடத் தரலை. திட்டினோம், மெயில் மேல மெயில் போட்டோம். அப்புறம் பாலிசியை முதல் தடவையா உக்காந்து படிச்சோம். 34 பக்கம். படிச்சு முடிச்சதும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டோம். அந்தப் பணத்தை அவன் அக்கா கல்யாணத்துக்கு வெச்சிருந்த எஃப்.டி.யை உடைச்சுத்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்தான்.

இதைச் சொன்னப்ப மாப்ள மூணாவது தடவையா படியில உக்காந்திருந்தான். "சரி, எனக்கு வீசிங் இல்லையே மாமா"ன்னான்.

வீசிங் மட்டும்தான் பிரச்சினைன்னா நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

டிக்கெட் கொடுத்துட்டாங்கன்னா பத்திரம்னு அர்த்தமா?

2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை. சுமத்ராவுல மராபின்னு ஒரு எரிமலை. (ஜாவாவுல இருக்கற மெராபி வேற, குழப்பிக்காதீங்க.) அன்னைக்கு மலையில 75 பேர் இருந்தாங்க, நிறைய பேர் காலேஜ் பசங்க. திடீர்னு வெடிச்சதுல 24 பேர் இறந்துட்டாங்க.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்த மலை பல வருஷமா ரெண்டாம் நிலை எச்சரிக்கையிலதான் இருந்துச்சு. எரிமலை வாயில இருந்து 3 கிலோமீட்டருக்குள்ள யாரும் போகாதீங்கன்னு இந்தோனேசியாவோட எரிமலைக் கண்காணிப்பு மையம் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு பக்கம், மலை ஏற அனுமதிச் சீட்டு ஆன்லைன்ல கொடுத்துக்கிட்டும் இருந்தாங்க. எச்சரிக்கை ஒரு ஆபீஸ், டிக்கெட் இன்னொரு ஆபீஸ். சீட்டு வாங்கிட்டுப் போன பையன் சட்டப்படி எந்தத் தப்பும் பண்ணலை.

ஆனா உங்க பாலிசி எந்த ஆபீஸ் பேச்சைக் கேக்கும்? நிறைய பாலிசிகள்ல "அரசு எச்சரிக்கையை மீறிப் போனால் இழப்பீடு இல்லை"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். கையில டிக்கெட் இருக்கறதால அந்த வரி காணாம போயிடாது.

இந்தோனேசியாவுல எச்சரிக்கை நாலு படி: ஒண்ணு நார்மல், ரெண்டு வஸ்படா, மூணு சியாகா, நாலு அவாஸ். 'மக்மா இந்தோனேசியா'ங்கிற அரசுத் தளத்துல ஒவ்வொரு மலையும் இன்னைக்கு எந்தப் படியில இருக்கு, எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கணும்னு போட்டிருப்பாங்க. டூர்காரர் என்ன சொன்னாலும் கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி அதைப் பாத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. நாளைக்கு கிளைம்னு வந்தா அதுவும் ஒரு ஆதாரம்.

முதல் படியில இருந்தா பயமே இல்லையான்னா, அதுவும் இல்லை. ஜப்பான்ல ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27-ம் தேதி வெடிச்சப்ப அது மிகக் குறைஞ்ச எச்சரிக்கை நிலையிலதான் இருந்துச்சு. இலையுதிர் காலம், சனிக்கிழமை, நல்ல வெயில், மலை பூரா ஜனம். இறந்தவங்களும் காணாம போனவங்களும் சேர்த்து 63 பேர். உள்ளே தண்ணி சூடாகி நீராவியா வெடிக்கிற வகை அது, அதுக்கு முன்னறிவிப்பு ரொம்பக் குறைவு. அதனாலதான் உச்சியில வாயைச் சுத்தி உக்காந்து சாப்பிட்டு, ட்ரோன் விட்டு, ரெண்டு மணி நேரம் கழிக்காதீங்கன்னு சொல்றேன். பாத்தீங்களா, கிளம்புங்க.

வெளிநாட்டுக் கதைன்னு தள்ளிடாதீங்க. 2018 மார்ச்ல தேனி குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவங்க போனாங்களே, அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிமுறையே வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளை வனத்துறை வழிகாட்டியோட திறந்துவிட்டாங்க. எரிமலைக்கு முன்னாடி அதுல ரெண்டு மூணு போயிட்டு வாங்க, காலும் பழகும், காசும் மிச்சம்.

பாலிசியில எங்க பாக்கணும்

34 பக்கத்தையும் படிங்கன்னு சொன்னா நீங்க படிக்க மாட்டீங்க, தெரியும். 'விலக்குகள்'ங்கிற பகுதியை மட்டுமாவது படிங்க. சாகச விளையாட்டு பத்தி என்ன போட்டிருக்கு, மலையேற்றத்துக்கு உயர வரம்பு இருக்கா, கயிறு கட்டாம நடக்கறதை எப்படிச் சொல்லியிருக்காங்க. இஜென், பத்தூர், புரோமோ எல்லாம் 3,000 மீட்டருக்குக் கீழே. லொம்போக் தீவுல இருக்கற ரிஞ்சானி 3,726 மீட்டர், ஜப்பானோட ஃபியூஜி 3,776 மீட்டர். சாதாரண பாலிசியில 3,000-னு கோடு போட்டிருந்தா நீங்க ரிஞ்சானி ஏறும்போது பாதியிலயே காப்பீடு இறங்கிடும், நீங்க மட்டும் தனியா மேலே போவீங்க. சாகசத்துக்குக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கற வசதி சில பாலிசியில இருக்கு. சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் வரும்.

அடுத்தது, மீட்பும் உடலைக் கொண்டுவர்றதும். பேசவே சங்கடமான விஷயம், ஆனா பேசியாகணும். 2025 ஜூன்ல ரிஞ்சானியில ஒரு பிரேசில் நாட்டு இளம்பெண் பாதையில இருந்து சறுக்கி விழுந்துட்டாங்க. மீட்புக் குழு போய்ச் சேர நாலு நாள் ஆச்சு, அதுக்குள்ள உயிர் போயிடுச்சு. உடலைக் கொண்டுவர அரசு பணம் தரக்கூடாதுன்னு அப்ப அந்த நாட்டு விதி இருந்துச்சு. அவங்க ஊர் நகராட்சி செலவை ஏத்துக்கிச்சு, பிறகு அதிபரே அந்த விதியை மாத்தினார். நம்ம தூதரகங்கள்ல 2009-ல இருந்து இந்தியர் நல நிதின்னு ஒண்ணு இருக்கு, வழியில்லாதவங்களுக்கு இதுக்கெல்லாம் உதவுவாங்க. அது கஷ்டப்படறவங்களுக்கான நிதி. சம்பாதிக்கிற நம்ம, 700 ரூபாயை மிச்சம் பிடிச்சுட்டு அந்த வரிசையில போய் நிக்கக்கூடாது.

டெர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கறவங்க, விண்ணப்பத்துல சாகசப் பழக்கம் பத்திக் கேட்டிருந்த கேள்விக்கு என்ன பதில் போட்டீங்கன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. விபத்து ரைடர்ல பெரும்பாலும் ஆபத்தான விளையாட்டை விலக்கி வெச்சிருப்பாங்க.

எதுவும் புரியலைன்னா கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்க. "இந்தத் தேதியில, இந்த மலையில, வழிகாட்டியோட நடந்து ஏறப்போறேன், இவ்வளவு உயரம், இது பாலிசியில சேருமா?" கால் சென்டர்ல வாயால சொல்றதை நம்பாதீங்க, எழுத்துல வாங்குங்க.

மாப்ள இதைத்தான் பண்ணான். படியேறி முடிச்சு, கோயில் பக்கத்துக் கடையில டீ சொல்லிட்டு, உக்காந்த இடத்துலயே மெயிலை டைப் பண்ணான். சிக்னல் கிடைக்கலை, செம்மேட்டுக்கு வந்துதான் போச்சு. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் பஸ், சாப்பாடு, அன்னாசி, மிளகு ஒரு கிலோ எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆச்சு, அதுல பாதிக்கு மேல மிளகுக்கே.

நாலாம் நாள் பதில் வந்துச்சு. வழிகாட்டியோட, திறந்திருக்கிற பாதையில, 3,000 மீட்டருக்குள்ள நடந்து ஏறினா சேரும். அரசு தடை பண்ணின எல்லைக்குள்ள போனா சேராது. எரிமலை வாய்க்குள்ள இறங்கறது பத்தி ரெண்டாவது மெயில் போட்டிருக்கான், அதுக்கு இன்னும் பதில் வரலை. பதில் வராட்டி விளிம்போட நின்னு சூரிய உதயம் பாத்துட்டு வந்துடறேன்னு சொல்லியிருக்கான். இ.எம்.ஐ. ஆப்பை டெலீட் பண்ணிட்டான், பயணம் அடுத்த வருஷம் ஜூனுக்குத் தள்ளிப்போயிருக்கு. ரெண்டு ஆர்.டி. தவணை கட்டியாச்சு.

முதல் பதிலை பிரிண்ட் எடுத்து, அதுல இன்ஷூரன்ஸ் கம்பெனியோட 24 மணி நேர நம்பரைப் பெரிய எழுத்துல எழுதி அக்காகிட்ட கொடுத்திருக்கான். அது இப்ப சமையக்கட்டுல, தினசரி காலண்டருக்குப் பின்னாடி ஆணியில மாட்டியிருக்கு. "எந்த ஊருடா இந்த நம்பரு?"ன்னு அக்கா ரெண்டு தடவை என்கிட்ட கேட்டுட்டாங்க.